எதிர்ப்படத்தின் கீறல்களும் அவற்றைச் செப்பனிட்ட கலையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒளிப்படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் இன்று நம்மிடையே நன்கு வேரூன்றிவிட்டது. கல்வெட்டு ஒன்றை ஆராயும்போது எழுத்தின் சிதைவு எது, கல்லின் இயல்பான வெடிப்பு எது, பிற்காலத்தவனின் உளி பட்ட இடம் எது என வேறுபடுத்திக் காண நாம் பழகியிருக்கின்றோம். ஏட்டுச் சுவடியாயின் செல்லரித்த இடத்தைப் பதிப்பாசிரியர் புள்ளியிட்டுக் காட்டுகின்றார். தாம் ஊகித்து நிரப்பிய சொல்லைப் பகர அடைப்புள் இடுகின்றார். ஆனால் ஒளிப்படம் ஒன்று கைக்கு வந்ததும் இவ்விழிப்பு நம்மை விட்டு அகன்றுவிடுகின்றது. கமெரா கண்டதையே நாமும் காண்கின்றோம் என நம்பிவிடுகின்றோம். உண்மை அதுவன்று. கமெராவுக்கும் நமக்குமிடையே பெயரறியப்படாத ஒருவர், கையிற் கூரிய பென்சிலுடனும் மெல்லிய தூரிகையுடனும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அமர்ந்திருந்தார். அவர் நிரப்பிய இடங்களுக்குப் புள்ளியும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை. அவருடைய தொழில் எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அத்தொழில் வரலாற்று மாணவருக்கு எழுப்பும் இடர்ப்பாட்டையும் நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதலில் எதிர்ப்படத்தின் இயல்பு பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். நெகற்றிவ் என வழக்கிற் கூறப்படும் எதிர்ப்படம், கண்ணாடி அல்லது பிலிம் ஆகிய தெளிந்த தளமொன்றையும், அதன்மேல் வெள்ளித் துணிக்கைகளைத் தாங்கி நிற்கும் மெல்லிய படலத்தையும் உடையது. படலம் கீறப்பட்டு வெள்ளி நீங்கினால் அவ்விடத்தால் ஒளி தடையின்றிச் செல்லும். அச்சிட்ட படத்தில் அது கருங்கோடாகத் தோன்றும். கீறல் படலத்தில் அன்றிப் பின்புறத் தளத்தில் விழுந்தாற் கதை வேறு. அங்கு ஒளி சிதறடிக்கப்படுவதால் அச்சிற் பெரும்பாலும் வெண்கோடு தோன்றும். மூன்றாவது வகைக் குறை கீறலன்று. கரைசல் ஒரே சீராகப் பரவாமையாலோ உலரும்போது நீர் வழிந்தமையாலோ தோன்றும் வரித்தடம். இங்கு வெள்ளி நீங்கவில்லை. வேண்டிய அளவுக்கு மிகுந்தோ குறைந்தோ படிந்திருக்கின்றது. இம்மூன்றையும் ஒன்றெனக் கருதி ஒரே மருந்தைப் பூசியவர்கள் நல்ல எதிர்ப்படங்கள் பலவற்றைப் பாழாக்கியுள்ளனர்.

செப்பனிடும் பழக்கம் எதிர்ப்படத்தோடு உடன்பிறந்தது எனலாம். இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி பொக்ஸ் தல்பொற் 1835ஆம் ஆண்டில் எடுத்த சாளரப் படமே இன்று எஞ்சியுள்ள எதிர்ப்படங்களுள் மிகப் பழையது. 1841இல் அவர் காப்புரிமை பெற்ற கலோரைப் முறையில் எதிர்ப்படம் காகிதத்திலேயே அமைந்தது. காகிதத்தில் இயல்பாகவே பென்சில் பிடிக்கும், மையும் பிடிக்கும். 1843 முதல் எடின்பரோவிற் கூட்டாகத் தொழிற்பட்ட டேவிட் ஒக்ராவியஸ் ஹில், றொபேட் அடம்சன் ஆகியோரின் காகித எதிர்ப்படங்களிற் பென்சிற் பூச்சினை இன்றும் காணலாம். ஹில் அடிப்படையில் ஓவியர். தமது ஊடகத்தில் தாமே கைவைப்பது அவருக்குக் குற்றமாகத் தோன்றியிராது.

1851இல் பிரெடெரிக் ஸ்கொற் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை காகிதத்தை ஒதுக்கிவிட்டுக் கண்ணாடித்தட்டைக் கொணர்ந்தது. காகித இழை நீங்கியதாற் படம் தெளிவடைந்தது. அதனாலேயே குறைகளும் தெளிவடைந்தன. இம்முறையில் ஒளிப்படக்காரர் ஈதரிலும் மதுசாரத்திலும் கரைந்த கொலோடியனைத் தட்டின்மீது ஊற்றி, நான்கு மூலைகளுக்கும் ஓடவிட்டு, எஞ்சியதை ஒரு மூலையால் வடித்தெடுப்பார். பின்னர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி, ஈரம் உலருமுன் படமெடுத்து, உடனேயே உருத்துலக்க வேண்டும். கை ஒரு கணம் தயங்கினால் கொலோடியன் வரம்பு கட்டும். வெள்ளிக் கரைசலில் அழுக்கிருந்தால் வால்வெள்ளி போன்ற தடங்கள் தோன்றும். உருத்துலக்கும் கரைசலை ஒரே வீச்சில் ஊற்றாவிட்டால் அது நின்ற இடம் கரைகட்டிக் காட்டும். ஒரு தூசி போதும், ஒரு துளை உண்டாக. இத்தனைக்கும் பிறகு தட்டைச் சூடாக்கி வாணிசு பூசவேண்டும்; பூசாவிட்டால் நகம் பட்டாலே படலம் உரிந்துவிடும்.

கண்ணாடி எதிர்ப்படத்தைத் திருத்தும் கலையைப் பரந்த உலகுக்கு அறிவித்தவராகப் பொதுவாகக் குறிக்கப்படுபவர் மியூனிச் நகரத்துப் பிரான்ஸ் ஹான்ஸ்ரெங்கல் ஆவார். 1855இற் பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில், ஒரே எதிர்ப்படத்திலிருந்து செப்பனிடுமுன்னும் செப்பனிட்ட பின்னும் அச்சிட்ட படங்களை அவர் அருகருகே வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் வியந்தனர். ஆயின், அதே 1855இல் பிரான்சிய ஒளிப்படக் கழகத்துள் இதுபற்றிக் கடும் வாதம் மூண்டது. கைத்திருத்தம் ஒளிப்படத்தின் தனித்தன்மையைக் கெடுக்கின்றது என இயூஜின் துரியூ எதிர்த்தார். கலைஞனுக்கு அவ்வுரிமை உண்டு எனப் போல் பெரியே வாதாடினார். இவ்வாதத்தில் இரு பக்கத்தவரும் ஒரு வேறுபாட்டைக் கூர்மையாக வகுத்துக் கொள்ளவில்லை என்பது எமது கருத்து. தட்டில் விழுந்த கீறலை மறைப்பதும் முகத்தில் விழுந்த சுருக்கத்தை மறைப்பதும் ஒரே பென்சிலாற் செய்யப்படுபவை. ஆயினும் முன்னது தட்டின் விபத்தை நீக்குகின்றது, பின்னது மனிதனின் வாழ்நாளை நீக்குகின்றது. தொழில் வளர்ந்த வேகத்தில் முன்னதற்கென உருவான கருவிகள் பின்னதற்கே பெரிதும் பயன்பட்டன.

இவ்விடத்தில், செப்பனிட மறுத்த ஒருவரைப் பற்றிக் கூறுவது பொருத்தமாகும். அவர் ஜூலியா மார்கரெட் கமறன். இலங்கை வரலாறு பயின்றோர் கோல்புறூக் – கமறன் ஆணைக்குழுவை நன்கறிவர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு அடிகோலிய அவ்வாணைக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமறனை 1838இற் கல்கத்தாவில் மணந்தவரே இவ்வம்மையார். 1815இற் கல்கத்தாவிற் பிறந்த இவருக்கு, 1863ஆம் ஆண்டு இறுதியில், தமது நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமெராவைப் பரிசளித்தனர். அப்பொழுது அவர் வைற் தீவிலுள்ள பிரெஷ்வோட்டரில் வாழ்ந்தார். அடுத்த பத்தாண்டுகளில் அவர் எடுத்த முகப்படங்கள் ஒளிப்பட வரலாற்றில் நிலையான இடத்தைப் பெற்றுவிட்டன.

ஆனால், அவர் காலத்துத் தொழில்முறை ஒளிப்படக்காரர்கள் அவரை எளிதில் ஏற்கவில்லை. படங்கள் தெளிவாகக் குவியவில்லை என்றனர். அதைவிட மேலாக, தட்டுக்கள் அழுக்கானவை என்றனர். குற்றச்சாட்டிற் பொய்யில்லை. அவருடைய படங்களிற் கொலோடியன் வழிந்த வரிகள், தூசித் துளைகள், படலம் உரிந்த விளிம்புகள், விரல் தடங்கள் ஆகியவற்றை வெளிப்படையாகவே காணலாம். உடைந்த தட்டிலிருந்துகூட அவர் அச்சிட்டிருக்கின்றார். சில வேளைகளில் தாமே எதிர்ப்படத்தைக் கீறிப் பின்புலத்தை மாற்றியும் உள்ளார். வணிக நிலையமொன்றில் இத்தட்டுக்கள் செப்பனிடுபவரின் மேசைக்குப் போயிருக்கும். அல்லது குப்பைக்குப் போயிருக்கும். அவரோ அவற்றை விற்பனைக்கும் கண்காட்சிக்கும் அனுப்பினார். சவுத் கென்சிங்ரன் நூதனசாலை 1865இலேயே அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் அவர் முகப்படம் எடுப்பதற்கென அங்கு இரண்டு அறைகளையும் ஒதுக்கிக் கொடுத்தது.

இதனால் அவர் சேதம் பற்றிக் கவலையற்றவர் என எண்ணுதல் தவறாகும். 1869இல் அவருடைய மிகச் சிறந்த எதிர்ப்படங்களுள் நாற்பத்தைந்தின் படலம் நுண்ணிய வெடிப்புக்களால் மூடப்பட்டது. நூதனசாலையின் தலைவர் ஹென்றி கோலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதனைப் பெருந் துயரமாகவே கூறியுள்ளார். போதியளவு கழுவாமை, வாணிசின் தரக்குறைவு, கடற்காற்றின் ஈரம் ஆகிய எதுவும் இத்தகைய வெடிப்பை உண்டாக்கக் கூடும். ஒரு கீறலை நிரப்பலாம். தட்டு முழுவதும் வலைபோற் படர்ந்த வெடிப்பை எந்தப் பென்சிலாலும் நிரப்ப இயலாது. ஆகவே அவர் பொருட்படுத்தாது விட்டவை ஒருவகைக் குறைகள், அவரை வருத்தியவை வேறொரு வகைக் குறைகள் என்பது தெளிவு. படம் பிறக்கும்போதே உடன்வந்த வடுவை அவர் ஏற்றார். பிறந்த படத்தைப் பின்னர் அரித்த நோயை அவர் ஏற்கவில்லை. நாமறிந்தவரை அக்காலத்து விமரிசகர்கள் காணாத வேறுபாடு இது.

1875இற் கமறன் குடும்பத்தினர் இலங்கைக்குப் பெயர்ந்தனர். மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களை 1869 முதல் இலைநோய் தாக்கத் தொடங்கியிருந்த காலம் அது. இங்கு அவர் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1877இற் களுத்துறையில் தாவர ஓவியர் மரியான் நோத்தை அவர் எடுத்த படங்கள் அவற்றுட் குறிப்பிடத்தக்கன; சிங்கள மக்களையும் தமிழ்த் தொழிலாளரையும் இருத்தி எடுத்த படங்களும் உள்ளன. ஈதர் விரைந்து ஆவியாகும் வெப்பத்தில், பெரிய கண்ணாடித்தட்டின் நான்கு மூலைகளுக்கும் கொலோடியனை ஓடவிடுவது எத்துணைக் கடினம் என்பதை நினைத்தால், படங்கள் குறைந்தமைக்கு ஒரு காரணம் புலனாகும். 1879 சனவரியில் அவர் மலைநாட்டுத் தோட்டமொன்றிற் காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கஞ் செய்யப்பட்டார். அத்தொழிலாளரின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய முகங்களை எவருடைய பென்சிலும் மாற்றவில்லை என்பது மாத்திரம் நமக்குக் கிடைத்த பேறு.

கண்ணாடித்தட்டைக் கடைச்சரக்காக மாற்றியது செலற்றின் முறையாகும். 1871இல் றிச்சாட் லீச் மடொக்ஸ் என்ற மருத்துவர் இதன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அப்பத்தாண்டின் இறுதிக்குள் உலர்தட்டுக்கள் தொழிற்சாலைகளிற் செய்யப்பட்டு விற்பனைக்கு வந்தன. ஈரத்தோடு போராடிய காலம் முடிந்தது. செப்பனிடும் மேசையின் காலம் தொடங்கியது. அம்மேசையின் அமைப்பு எளிது. சாய்வான மரச்சட்டத்தின் நடுவே தேய்கண்ணாடி பதித்து, அதன் கீழ்ப்புறத்தில் ஒரு முகக்கண்ணாடியை வைத்துச் சாளர வெளிச்சத்தை மேலே திருப்புவர். மேற்புறத்தில் ஒரு கூரையும் பக்கங்களிற் கறுப்புத் துணியும் இருக்கும். எதிர்ப்படத்தினூடாக வரும் ஒளியைத் தவிர வேறொளி கண்ணிற் படலாகாது.

செலற்றினின் வழவழப்பில் பென்சில் பிடியாது. ஆகவே டமர் பிசினைத் தர்ப்பந்தைலத்திற் கரைத்து, துணியில் ஒரு துளி தொட்டு, வட்டமாகத் தேய்த்து, சற்றே பிசுபிசுக்கும் ஒரு பூச்சினை உண்டாக்குவர். கடினமான பென்சிலின் கரியை நீளமாக வெளியே தெரியுமாறு சீவி, அரத்தாளில் உருட்டி, ஊசிமுனை ஆக்குவர். பின்னர் அழுத்தாமல், முனை தட்டில் தொட்டும் தொடாமலும், காற்புள்ளி போன்ற நுண்ணிய குறிகளை இடுவர். இங்கு கோடு இழுப்பவன் தோற்றான். கீறலின்மேற் கோடிட்டால் அது அச்சிற் கோடாகவே தெரியும். சுற்றியுள்ள வெள்ளித் துணிக்கைகளின் அடர்த்திக்கு ஒப்பான புள்ளிகளால் அதனை மெல்ல அடைத்தாற்றான் கண் ஏமாறும். ஆழமான கீறலுக்குப் பென்சில் போதாது. கொக்சின் என்னும் செஞ்சாயத்தை மிகவும் நீர்த்த நிலையில் தூரிகையால் பலமுறை பூசி அடர்த்தியைக் கூட்டுவர். தூசித் துளையை அளவாக நிரப்புதல் அரிது. ஆதலால் தேர்ந்தவர்கள் அதனை வேண்டுமென்றே மிகையாக நிரப்பிவிடுவர். அப்பொழுது அச்சில் வெண்புள்ளி வரும். வெண்புள்ளியை அச்சுப்படத்தின்மீதே மையால் அடைப்பது எளிது. கரும்புள்ளியைக் காகிதத்திலிருந்து சுரண்டுவதோ கடினம்.

வெள்ளி மிகுந்து படிந்த வரித்தடங்களுக்கு எதிரான வழி வேண்டும். கூரிய கத்தியாற் படலத்தை மயிரிழையளவு சீவி எடுப்பது ஒருவழி. கை நடுங்கினால் தட்டு போயிற்று. 1883இல் ஹவாட் ஃபார்மர் அறிமுகப்படுத்திய, பொற்றாசியம் பெரிசயனைட்டும் ஐப்போவும் கலந்த கரைசல் மற்றைய வழி. இதனைத் தூரிகையால் தடத்தின்மீது மட்டும் தடவி, உடனே கழுவி, மறுபடியும் தடவி, வெள்ளியைப் படிப்படியாகக் கரைப்பர். இதிற் பொறுமையே முதல். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இவ்வேலையிற் பெருந்தொகையாக அமர்ந்தவர்கள் பெண்கள். படத்தின் மூலையில் நிலையத்தின் பெயர் பொறிக்கப்பட்டது. அவர்களின் பெயர் எங்கும் பொறிக்கப்படவில்லை. நம்மூர்ப் படப்பிடிப்பு நிலையங்களிலும் ‘ரச்சிங்’ என்ற பெயரில் இத்தொழில் நெடுங்காலம் வழங்கிற்று.

1889இல் ஈஸ்ற்மன் நிறுவனம் தெளிந்த செலுலோயிட் பிலிமைச் சந்தைக்குக் கொணர்ந்ததோடு குறைகளின் முகமும் மாறிற்று. கண்ணாடி உடையும், பிலிம் உடையாது, ஆனாற் கீறப்படும். சுருளை இழுத்துச் செல்லும் வழியில் ஒரு மணற்றுகள் இருந்தாற் போதும், தண்டவாளம் போல நீண்ட நேர்க்கோடு படத்துக்குப் படம் தொடர்ந்து செல்லும். 1925இல் லைக்கா கமெரா வெளிவந்த பின் முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் பிலிம் பரவியபோது, எதிர்ப்படம் பெருவிரல் அகலமே ஆயிற்று. அதன்மீது பென்சிற் புள்ளியிடுவது இயலாது. பெருப்பிக்கும்போது புள்ளியும் பெருக்குமன்றோ? ஆகவே செப்பனிடுதல் மெல்ல மெல்ல எதிர்ப்படத்தை விட்டு அச்சுப்படத்துக்கு இடம்பெயர்ந்தது. எதிர்ப்படத்தில் எஞ்சியவை சில உபாயங்களே. தளத்தின் கீறலில் எண்ணெய்ப்பொருள் நிறைந்தால் ஒளி சிதறாது என்பது அறியப்பட்டிருந்தது. கிளிசரினும் வாணிசும் பூசினர். இருட்டறையில் அவை கைக்கெட்டாதபோது, மூக்கின் பக்கத்தைச் சுட்டுவிரலால் தடவி, அந்நெய்ப்பைக் கீறலிற் பூசிய கதை ஒளிப்படக்காரர் எல்லாரும் அறிந்ததே. கேட்பதற்கு நகைப்பாயினும் பௌதிகவியலுக்கு முரணானதன்று.

1909இல் அந்திரே கலியே விளக்கிய ஒளிச்சிதறல் விளைவும் இங்கு தொடர்புடையது. வில்லைகளாற் குவித்து நேராகச் செலுத்தப்படும் ஒளி ஒவ்வொரு கீறலையும் உரத்துக் காட்டும். பாற்கண்ணாடியூடாகப் பரவிவரும் ஒளி அவற்றை மழுக்கிவிடும். கருவியை மாற்றினாலே பாதிக் கீறல் மறையும்.

வெப்ப நாட்டில் வேறு தொல்லைகளும் உள. செலற்றின் வெதுவெதுப்பான நீரில் வீங்கி மென்மையடையும். அந்நிலையில் விரல் பட்டாலே வடுவாகும். எனவே படிகாரம் முதலியவற்றால் அதனை வன்மையாக்குவர். ஈரக்காற்றிற் பூஞ்சணம் செலற்றினை உணவாகக் கொண்டு வேரோடும். அதன் தடத்தைத் துடைக்கப் புகுந்தாற் படமே துடைபட்டுப் போகும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மேல் அமைந்தது. கிணற்று நீர் வன்னீர். அத்தகைய நீரிற் கழுவித் தொங்கவிடும் பிலிமில், துளி வழிந்த இடமெல்லாம் சுண்ணாம்பு வரி படியும். இது கீறலன்று, மேற்படிவு. மிக நீர்த்த அசற்றிக் அமிலத்தாற் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசினால் நீங்கிவிடும். நீர் வரியைக் கீறல் என மயங்கிப் பென்சிலெடுப்பவர் இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பவராவார்.

திரைப்படத் துறையில் இப்பிரச்சினை தொழிற்சாலை அளவிற் தோன்றியது. ஒரு செக்கனுக்கு இருபத்துநான்கு படங்களைக் கையாற் செப்பனிட எவராலும் முடியாது. 1950களிற் கண்ட தீர்வு, மூக்கு நெய்ப்பின் தத்துவமேயன்றி வேறன்று. எதிர்ப்படத்தை ரெற்றாக்குளோரோஎதிலீன் என்னும் திரவத்தில் அமிழ்த்திய நிலையிலேயே அச்சிட்டனர். அத்திரவத்தின் முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.50, அசற்றேற்றுத் தளத்தினது ஏறத்தாழ 1.48. இரண்டும் அண்மித்தவை ஆதலாற் கீறலுள் திரவம் புகுந்ததும் ஒளிக்கு அங்கே கீறலென ஒன்று இல்லை. திரவம் ஆவியானதும் கீறல் பழையபடி இருக்கும். எதிர்ப்படத்தில் ஒன்றும் சேர்க்கப்படவில்லை, ஒன்றும் நீக்கப்படவில்லை. நாம் அறிந்த செப்பனிடல்களுள் மிக நேர்மையானது இதுவே எனத் துணிந்து கூறலாம். ஆயினும் படலத்தையே பிளந்து வெள்ளியை அகற்றிய கீறலுக்கு இது உதவாது.

1990களின் இறுதியில் கணினி வருடிகளுடன் வந்த முறை ‘டிஜிற்றல் ஐஸ்’ எனும் பெயரில் அறியப்பட்டது. நிற எதிர்ப்படத்தின் சாயங்கள் செந்நிறக்கீழ்க் கதிரைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கும். ஆகவே அக்கதிரால் ஒருமுறை வருடினாற் படம் மறைந்து குறைகள் மட்டும் வரைபடம்போல் தோன்றும். அவ்வரைபடத்தைக் கொண்டு கணினி அயற்புள்ளிகளால் இடைவெளியை நிரப்பும். இது அழகிய உபாயம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கறுப்பு வெள்ளை எதிர்ப்படத்திற் படத்தை ஆக்குவது சாயமன்று, வெள்ளி; வெள்ளி அக்கதிரையும் தடுக்கும். எனவே கருவி முகத்தையே கீறலென எண்ணிவிடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியை நமக்குக் காட்டும் எதிர்ப்படங்களோ பெரும்பாலும் வெள்ளியாலானவை. எவற்றுக்குத் துணை மிகவும் வேண்டுமோ அவற்றுக்கு இக்கருவி துணையாகவில்லை. அங்கு எது கீறல், எது படம் எனத் தீர்ப்பளிக்க வேறு வழி வேண்டியிருக்கின்றது. அண்மைக் காலத்துக் கணினிச் செய்நிரல்கள் இத்தீர்ப்பையும் தாமே அளிக்க முன்வந்துள்ளன. கண்ணோ வாயோ சிதைந்த இடத்தில், வேறு பல்லாயிரம் முகங்களிற் கற்றதை வைத்து ஒரு கண்ணையும் வாயையும் அவை வரைந்து தருகின்றன. பாட்டனாரின் படத்தை அவ்வாறு திருத்திச் சட்டமிட்டு வைப்பதில் எவருக்கும் தீங்கில்லை. அதே படம் ஆவணக் காப்பகத்துள் நுழையும்போதுதான் இடர் தொடங்குகின்றது. நம் நாட்டிற் போராலும் தீயாலும் இடப்பெயர்வாலும் ஒளிப்படங்கள் அழிந்த குடும்பங்கள் பல. ஒரேயொரு படமே எஞ்சியுள்ள வீடுகளும் உண்டு. அந்த ஒன்றில் வேறொருவரின் வாய் பொருத்தப்பட்டிருந்தால், ஒப்புநோக்க மற்றொன்று இல்லை.

ஆகவே இலக்கமுறைப் பிரதியெடுப்போர், செப்பனிடாத பிரதியொன்றை முதலிற் சேமித்து, செப்பனிட்டதை வேறாக வைத்து, எவ்விடத்தில் எது நிரப்பப்பட்டது என்பதைக் குறித்தல் வேண்டும் என நாம் வற்புறுத்துகின்றோம். மூல எதிர்ப்படத்தின்மீது எதனையும் பூசலாகாது. அதிலுள்ள பழைய பென்சிற் குறிகளையும் துடைக்கலாகாது. இவ்விரண்டாவது கூற்று சிலருக்கு வியப்பளிக்கலாம். பழைய படப்பிடிப்பு நிலையமொன்றின் கண்ணாடித்தட்டை எடுத்து, நேராக ஒளிக்குப் பிடியாமற் சாய்த்துப் பிடித்தால், டமர்ப் பூச்சின்மேற் பென்சிற் புள்ளிகள் சாம்பல் நிறமாக மின்னும். மூலையிலுள்ள கீறலில் நாலைந்து புள்ளிகள் இருக்கும். கன்னத்திலும் கண்ணின் கீழும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அம்மைத் தழும்பு இருந்த இடம் அங்கே தெரியும். கருமை குறைக்கப்பட்ட நெற்றி தெரியும். படமெடுக்க வந்தவர் எவ்வாறு இருந்தார் என்பதும், எவ்வாறு தோன்ற விரும்பினார் என்பதும் ஒரே தட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக, இன்னும் அழியாமல் உள்ளன.